பாடத்தைத் தானாகப் பதிவு செய்ய: ஃபேன் இரைச்சல், கெட்டுப்போகும் ஃபைல்

தாம்பரம்_லேப்:
60 பேர் வகுப்பறை. தொலைநிலை மாணவர்களுக்குப் பாடம் தானாகப் பதிவாகணும், ஆசிரியர் எதையும் தொடக் கூடாது. ஓபிஎஸ் (இலவச வீடியோ பதிவு மென்பொருள்) போட்டிருக்கோம். லேப்டாப் மைக்கில் ஃபேன் சத்தம்தான் கேக்குது. கரண்ட் போனா எம்பி4 ஃபைல் திறக்கவே மாட்டேங்குது.

கிண்டி_ஏவி:
முதல்ல குரல் சார். படம் மங்கினா மாணவர்கள் பொறுத்துக்குவாங்க, குரல் புரியலைன்னா மூடிடுவாங்க. வயர்லெஸ் காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்க. மிக்சரில் லோ-கட் (தாழ்ந்த ஒலியை வெட்டும் வசதி) போட்டா ஃபேன் உறுமல் குறையும். காற்று நேரா மைக்கில் அடிச்சா அது உதவாது, ஸ்பாஞ்ச் உறை வேணும்.

வேளச்சேரி_நெட்:
சாதாரண எம்பி4-இல், ஃபைலைத் திறக்கத் தேவையான அட்டவணைப் பகுதி பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனா அது இருக்காது. எம்கேவியில் (நடுவில் நின்னாலும் திறக்கும் வீடியோ ஃபைல் வகை) பதிவு பண்ணி, பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் பண்ணி எம்பி4 ஆக்குங்க. தொடங்க, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் (குறிச்ச நேரத்தில் புரோகிராமைத் திறக்கும் வசதி) ஓபிஎஸ்ஸைச் சேர்த்து ‘--startrecording’ பாராமீட்டர் கொடுங்க. நிறுத்த, டூல்ஸ் மெனுவில் அவுட்புட் டைமர். டைமர் பதிவைத்தான் நிறுத்தும், ஓபிஎஸ்ஸை மூடாது. அடுத்த பீரியடில் ‘ஏற்கெனவே ஓடுது’ன்னு கேட்டுட்டு அப்படியே நிக்கும். இடைவேளையில் மூட வழி பண்ணிடுங்க. வீடியோ பிட்ரேட் 4 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 4 மெகாபிட்) மணிக்கு 1.8 ஜிபி ஆகும்.

கிண்டி_ஏவி:
இன்னொன்னு, கேமராவில் ஃப்ளிக்கர் அமைப்பை நம்ம கரண்டுக்கு ஏத்தபடி 50 ஹெர்ட்ஸில் வைங்க. 60-இல் இருந்தா ட்யூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை ஓடும்.