தஞ்சை அரண்மனை எஃகு ஈட்டி: அலைக்கோலம் இல்லையெனில் உருக்கு அல்லவா?

கேள்வி:
சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனைப் படைக்கலங்களைப் பார்த்துவருகையில் ஓர் எஃகு ஈட்டியின் முன் நெடுநேரம் நின்றுவிட்டேன். அலகின் நடுவே தடித்த முதுகு ஓடுகிறது. காம்பு செருகும் குழலைச் சுற்றிலும் உளி வேலைப்பாடு நிறைந்திருக்கிறது. ஆனால் மூசை எனும் மண்கலத்தில் காய்ச்சிய எஃகான நம் உருக்குக்குப் புகழ் தந்த அலைக்கோலம் எங்கும் தென்படவில்லை. அப்படியானால் அது வெறும் இரும்புதானா?

மறுமொழி 1:
அவ்வாறு முடிவு கட்ட இயலாது. இரும்போடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் இட்டு, மண்ணால் வாய் பூசிய மூசையில் உருக்கும்போது கரி இரும்பில் ஏறி ஏறத்தாழ 1.5 விழுக்காட்டை எட்டுகிறது. கொல்லர் மிதமான சூட்டில் பலமுறை அடித்து நீட்டினால்தான் இரும்பும் கரியும் சேர்ந்த கார்பைடு துகள்கள் வரிவரியாக அமையும். சூடு மிகுந்தால் அவை கரைந்து, உருக்கு உருக்காகவே இருக்கக் கோலம் மட்டும் அழிந்துவிடும். அமைந்த கோலமும் அமிலம் தடவினால்தான் தெளிவாகப் புலப்படும். பின்னாளில் துருவைத் தேய்த்து மெருகிட்ட பரப்பில் அதைத் தேடுவது வீண். ஈட்டி முழுவதும் ஒரே உலோகமாக இருக்க வேண்டியதும் இல்லை. குழல் மெல்லிரும்பாகவும் அலகு உருக்காகவும் இருக்கலாம்.

மறுமொழி 2:
உலோகத்தைவிட, இந்த ஈட்டி நம் கைக்கு எப்படி வந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1855-இல் ஆண் வாரிசின்றி அரசர் மறைந்து தஞ்சை அரசு ஆங்கிலேயரிடம் போனபின், அரண்மனை ஆயுதச்சாலை கலைக்கப்பட்டது. பெரும்பகுதி பழைய இரும்பாக விலைபோக, சிறந்தவையெனத் தேர்ந்தவை அருங்காட்சியகத்துக்கு வந்தன. பொறுக்கியெடுத்தவர் கண்ணுக்கு அழகாகப் பட்டவையே எஞ்சியிருப்பதால், அக்கால ஈட்டிகள் எல்லாமே இப்படிச் செதுக்கப்பட்டவை என்று எண்ணிவிடக் கூடாது. ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்று பாடிய புறநானூற்று 95-ஆம் பாட்டும் இதைத்தான் காட்டுகிறது: பீலி அணிந்து நெய் பூசிய தொண்டைமானுடைய வேல்கள் காவல் மனையில் இருக்க, அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.

கேட்டவர்:
நன்றி ஐயா. நான் எடுத்த படத்தை மீண்டும் உற்றுப் பார்த்தேன். அலகின் ஒரு பக்கம் நுனியை நெருங்குமிடத்தில் மறுபக்கத்தைவிடச் சற்றே ஒடுங்கியிருக்கிறது.

மறுமொழி 2:
அது சாணை பிடித்த தேய்மானமாக இருக்க வாய்ப்பு மிகுதி. உலாவுக்கு மட்டும் எடுத்துச் செல்லும் ஈட்டியை அந்த அளவுக்கு யாரும் தீட்டியிருக்க மாட்டார்கள். அடுத்த முறை போகும்போது குழலின் விளிம்பையும் பாருங்கள். காம்பை மாற்றி மாற்றிப் பூட்டியிருந்தால் ஆணித்துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும்.