புதுப்பிப்பு: தொடை எலும்புக் கட்டி, எம்டிஎம்2 ரிசல்ட் வந்துருச்சு
தொடை எலும்புக் கட்டி ஒண்ணு, ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியாவா (கேன்சர் இல்லாத எலும்புக் கோளாறு) லோ கிரேட் ஆஸ்டியோசார்கோமாவான்னு (மெதுவா வளர்ற எலும்புக் கேன்சர்) ஸ்லைடு பாத்து முடிவு பண்ண முடியலன்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

எம்டிஎம்2, சிடிகே4 ஸ்டெய்ன் (அந்த கேன்சர்ல பொதுவா கூடியிருக்குற ரெண்டு புரதத்த நிறம் ஏத்திக் காட்டுறது) போடச் சொன்ன ஐடியாதான் வழிகாட்டுச்சு. ரெண்டும் நெகட்டிவ், அதாவது ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியா பக்கம் சாயுது. ஆனா லோ கிரேட் ஆஸ்டியோசார்கோமா சிலதுலயும் இது நெகட்டிவா வரும், அதான் ஃபிஷ்ஷுக்கும் (எம்டிஎம்2 ஜீன் காப்பி கூடியிருக்கான்னு டிஎன்ஏல ஒளிரும் குறி வச்சுப் பாக்குற டெஸ்ட்) அனுப்பினோம், அங்கதான் சொதப்பல், சிக்னலே இல்ல. எங்க லேப்ல எலும்ப மெல்லிசா வெட்ட வசதியா கால்சியம் எடுக்க நைட்ரிக் ஆசிட்ல ஊறவைப்போம், அது டிஎன்ஏவ காலி பண்ணிருச்சு.

நல்லவேளையா மெத்துனு இருந்த ஒரு துண்ட ஆசிட்ல போடாம தனி பிளாக்கா வச்சிருந்தாங்க. அதுல எம்டிஎம்2 ஆம்ப்ளிஃபிகேஷன் (ஜீன் காப்பி கூடுறது) இல்ல, ஜிஎன்ஏஎஸ்ங்கிற ஜீன்ல மியூட்டேஷன் இருக்கு, இது ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியால வர்றது. எக்ஸ்ரேலயும் கார்டெக்ஸ் (எலும்போட கெட்டியான வெளிச்சுவர்) உடையல, அதனால ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியான்னு ரிப்போர்ட் கொடுத்தாச்சு. (ஜிஎன்ஏஎஸ் நெகட்டிவா வந்திருந்தா மறுபடி குழப்பம்தான், அது இல்லாத ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியாவும் உண்டு.)

ஜி34டபிள்யூ ஸ்டெய்ன் போடச் சொன்னவருக்கு: அது ஜெயன்ட் செல் ட்யூமருக்கு (ராட்சத செல் இருக்குற வேற ஒரு எலும்புக் கட்டி) அருமையான மார்க்கர், இந்த கேஸ்ல ஜெயன்ட் செல்லே இல்லீங்க.

இனிமே மாலிகுலர் டெஸ்ட் தேவைப்படும்னு தோணுற எலும்புக்கு இடிடிஏ (டிஎன்ஏவ அவ்வளவா கெடுக்காம மெதுவா கால்சியம் எடுக்குற கெமிக்கல்) மட்டும்தான், நாள் கூட ஆனாலும் பரவால்ல.