கோயர்ஷனுக்கு ‘வகைத்திரிபு’ பொருந்துமா?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

வணக்கம். டைப் இன்ஃபரன்ஸ் (நிரலில் எழுதாத வகையை, எண்ணா எழுத்தா என்று, மொழியே கண்டறிவது), டைப் கோயர்ஷன் (ஒரு வகை மதிப்பு தானாக வேறு வகையாவது) இரண்டுக்குமே நம் நிரலாக்கக் கலைச்சொல் பட்டியலின் வரைவில் ‘வகைமாற்றம்’ என்று இருக்கிறது. முன்னதில் எதுவும் மாறுவதே இல்லை. பின்னதற்கு ‘வகைத்திரிபு’ என்கிறேன். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகிறது. ‘ன்’ திரிந்தது பக்கத்தில் வந்த எழுத்தால், யாரும் சொல்லி அல்ல. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியும் இப்படித்தான். கொலுசுப் பட்டறை பில்லில் எடைக் கட்டத்தில் அடித்த 250 எண்ணாக அல்ல, சரமாகவே (எழுத்துகளின் வரிசையாகவே) வந்து சேரும். சேதாரம் 10-ஐக் கூட்டினால் 10-உம் சரமாகத் திரிந்து ஒட்டி "25010" ஆகிவிடும். அதே "250"-இல் 10-ஐக் கழித்தால் 240, சரியான விடை! கழித்தல் சரங்களுக்குக் கிடையாது, எனவே இம்முறை சரம் எண்ணாகத் திரிகிறது. கழித்தலை மட்டும் சோதித்தவர் கண்ணில் பிழை படவே படாது.

அஸ்தம்பட்டியிலிருந்து:

திரிபு என்றதும் ‘வரலாற்றுத் திரிபு’ அல்லவா நினைவுக்கு வருகிறது? ‘தன்வகைமாற்றம்’ போதாதா? நிரலர் கேட்டுச் செய்யும் காஸ்ட், வகைமாற்றம்; கேளாமல் நடப்பது தன்வகைமாற்றம்.

இன்ஃபரன்ஸுக்கு ‘வகை உய்த்துணர்தல்’. ‘வந்தாள்’ என்ற விகுதியே எழுவாயைக் காட்டிவிடுகிறதே, அதுதான். ஆனால் ஏற்காட்டுப் பாதைக்கு வளைவு = 20 என்ற பைத்தான் எடுத்துக்காட்டை நீக்கிவிடுங்கள். பைத்தானில் வகை, மதிப்போடு ஒட்டியே இருக்கிறது. நிரல் ஓடும்போது, அதை இயக்கும் இன்டர்பிரட்டர் வகையைப் பார்த்துக்கொள்கிறது, உய்த்துணர்வதில்லை. ஓகாமல் மொழிதான் பொருத்தம். முழு எண்ணைக் கூட்ட +, தசமத்தைக் கூட்டப் புள்ளியோடு +. என்று தனித்தனிக் குறி. ஒரு சார்புக்குள் (ஃபங்ஷன்) எந்தக் குறி இருக்கிறது என்பதை வைத்தே, ஓடுமுன் வகை முடிவாகிவிடும். 1 +. 2.5 பிழை, 1. என்று புள்ளி வைத்தாக வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து:

ஓகாமலில் அந்தப் பிழை வேண்டுமென்றே வைத்தது. + தானாகத் திரிக்கத் தொடங்கினால், அதன் இருபுறமும் என்ன வகை என்று குறியிலிருந்து சொல்ல முடியாது. திரிபுக்கு இடம் கொடுத்த அளவுக்கு உய்த்துணர்தல் திணறும். ஆகவே இரண்டு பதிவையும் அடுத்தடுத்து வையுங்கள்.

என் வாக்கு ‘வகைத்திரிபு’க்கே. ‘எண் சரமாகத் திரிகிறது’, ‘இன்டர்பிரட்டர் திரிக்கிறது’ என்று வினையாக ஓடுகிறது, தன்வகைமாற்றம் ஓடாது. கெட்ட பொருள் ஒட்டினாலும் தகும்: பைத்தானில் 9007199254740993 + 0.0 போட்டுப் பாருங்கள், முழு எண் தசமமாகத் திரிந்து, புள்ளிக்கு முந்தைய இலக்கம் 2 ஆகியிருக்கும். தசமத்துக்குரிய 53 பிட்டில் அந்த எண் அடங்காது.

சி மொழியில் 3.9-ஐ முழு எண் மாறியில் இட்டால் 3. மரவேரில் ‘ம்’ போனதுபோல இது திரிதலா கெடுதலா என்று மட்டும் யாரும் கிளப்பிவிடாதீர்கள்.