மகளின் முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்கு வெளிநாடு செல்ல வேண்டும்: நிதி திரட்டலை எப்படித் தொடங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு ஐந்து வயது முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. 29-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டவள். ஒன்றரை வயதில் பெருமூளை வாதம் என்றும், இரு கால்களிலும் தசை இறுக்கம் உள்ள வகை என்றும் மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். கணுக்கால் தாங்கிகளை மாட்டிவிட்டால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். அதற்குள் முழங்கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். பேச்சிலும் புரிதலிலும் எந்தக் குறையும் இல்லை.

அவளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர், கால்களின் தசை இறுக்கத்தைக் குறைக்க முதுகுத்தண்டில் சில நரம்பு இழைகளை வெட்டும், எஸ்.டி.ஆர். எனப்படும் செலக்டிவ் டார்சல் ரைசாட்டமி அறுவைச் சிகிச்சைக்கு அவள் பொருத்தமானவளாக இருக்கலாம் என்றார். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு எழுதினோம். அறுவைக்கும் ஐந்து நாள் தங்கலுக்கும் ஆகும் தொகையைக் குறிப்பிட்டு ஒரு பக்க மதிப்பீடு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் சேமிப்பையும் நகையையும் சேர்த்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு தேறாது. பிறரிடம் கை நீட்டுவதா என்று என் கணவர் இன்னும் தயங்குகிறார். எனக்கோ நாள்கள் கைநழுவிப் போகின்றனவே என்ற பதற்றம். இதற்கிடையில், ஸ்டெம் செல் ஊசி மூலம் இதைவிடப் பாதிச் செலவில், காத்திருக்கத் தேவையில்லாமல் குணப்படுத்தலாம் என்று வேறொரு நிலையத்திலிருந்து வாரம் இருமுறை அழைக்கிறார்கள்.

வேண்டுகோளின் முதல் வரியை நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “இந்த அறுவைச் சிகிச்சை நடந்துவிட்டால் எங்கள் மகள் தன் சொந்தக் காலில் நடப்பாள்.” எவ்வளவு தொகையை இலக்காக வைப்பது, யார் பெயரில் கணக்குத் தொடங்குவது, அவளுடைய படத்தையும் காணொளியையும் போடலாமா என்பதையெல்லாம் அனுபவம் உள்ளவர்கள் கூறினால் பெரும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவர்)

வணக்கம் சகோதரி. பணத்தைப் பற்றிப் பிறர் எழுதுவார்கள் என்பதால் தங்கள் முதல் வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்த வரியை மாற்றிவிடுங்கள். பணம் கொடுப்பவர்கள் அதைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள், ஓராண்டு கழித்து, “நடக்கிறாளா?” என்று அந்த வரியைக் கொண்டே கேட்பார்கள்.

இந்த அறுவையில், இடுப்புப் பகுதி முதுகெலும்பில் ஓர் எலும்பு வளைவைத் திறந்து, கால்களிலிருந்து தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டுவரும் உணர்வு நரம்பு வேர்களை மெல்லிய இழைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இழையையும் மின்தூண்டலால் சோதித்து, மிகையாகத் துடிப்பவற்றில் ஒரு பகுதியை வெட்டுகிறார்கள். அதனால் தசை இறுக்கம் குறைகிறது. வெட்டிய இழை மீண்டும் சேராது. பெருமூளை வாதத்துக்குக் காரணமான, மூளையில் ஏற்பட்ட சேதமும் அப்படியேதான் இருக்கும். இன்னொன்றையும் பெற்றோரிடம் நான் எப்போதும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: இத்தனை நாள் குழந்தை நின்றதே அந்த இறுக்கத்தின் பலத்தில்தான். அது போனவுடன் அடியில் மறைந்திருந்த தசைப் பலவீனம் வெளியே வரும். முதல் சில வாரங்களில் குழந்தை முன்பைவிட மோசமாகிவிட்டாள் என்று கண் கலங்கும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு மாதக்கணக்கில் நடக்கும் பயிற்சிதான் அந்தத் தசைகளை வளர்க்கிறது.

எவ்வளவு முன்னேற்றம் எதிர்பார்க்கலாம்? 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, மூன்று ஒப்பீட்டுச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சி மட்டும் பெற்ற குழந்தைகளைவிட, அறுவையும் பயிற்சியும் பெற்றவர்கள் நூற்றுக்கு மதிப்பிடும் இயக்கத் திறன் அளவையில் ஏறத்தாழ 4 புள்ளிகள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். நான்கு புள்ளி என்பது கேட்கச் சிறிதாக இருக்கலாம். தானே நாற்காலியில் ஏறி உட்காரும் குழந்தைக்கும் யாராவது தூக்கி உட்காரவைக்க வேண்டிய குழந்தைக்கும் உள்ள இடைவெளியை நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு அது சிறிதன்று. ஆனாலும் “சொந்தக் காலில் நடப்பாள்” என்று எழுத அது போதாது.

தங்கள் மகள், குழந்தைகளின் இயக்கத் திறனை வகைப்படுத்தும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். அளவுகோலில் எந்த நிலை என்பதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிலைகள் கொண்ட அந்த அளவுகோல் 1997 முதல் வழக்கில் உள்ளது. தாங்கள் விவரிப்பதைப் பார்த்தால் மூன்றாம் நிலை, அதாவது கையால் பிடிக்கும் துணைக்கருவியுடன் நடப்பவர்கள், என்று தோன்றுகிறது. அந்த நிலையில் உள்ள பலர் அறுவைக்குப் பிறகும் வாக்கரோ கைத்தடியோ வைத்தே நடப்பார்கள். நடையின் தரமும் தூரமும் மேம்படலாம்.

ஸ்டெம் செல் ஊசி குறித்து: ஆராய்ச்சிகள் நடந்துவருவது உண்மை. ஆனால் முறையான ஆராய்ச்சியில் பங்கேற்பவரிடம் பொதுவாகச் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. வாரம் இருமுறை தொலைபேசியில் அழைப்பதும் இல்லை. குணப்படுத்துவோம் என்று சொல்லி, முன்பணம் கேட்டு, குழந்தையை நேரில் பரிசோதிக்காமலே நாள் குறிப்பவர்களுக்குத் தயவுசெய்து பதில் அளிக்காதீர்கள்.

மறுமொழி 2 (மகனுக்காக நிதி திரட்டிய தந்தை)

அம்மா, வணக்கம். இதே அறுவைக்காக நாங்களும் வெளிநாடு சென்று வந்தவர்கள். தங்களிடம் உள்ள ஒரு பக்க மதிப்பீட்டை மீண்டும் ஒருமுறை எடுத்து, அதில் என்ன இல்லை என்று பாருங்கள். எங்களுக்கு வந்த தாளில் மருத்துவமனையின் கட்டணம் மட்டுமே இருந்தது. மயக்க மருந்து நிபுணருக்கும் அறுவை நிபுணருக்கும் தனித்தனியாகப் பணம் செலுத்த வேண்டும் என்பது மூன்றாவது மின்னஞ்சலில்தான் தெரிந்தது. அங்கு சென்றபின் எடுக்கும் எக்ஸ்ரே, ஊர் திரும்புவதற்குள் மாற்ற வேண்டிய புதிய கணுக்கால் தாங்கிகள், மருத்துவமனைக்கு வெளியே நான்கு வாரத் தங்கல், எங்கள் இருவரின் சம்பளமில்லா விடுப்பு எல்லாம் சேர்ந்தபோது, அந்த முதல் தொகை மொத்தச் செலவில் பாதியை மட்டுமே தொட்டது.

இயன்முறைப் பயிற்சியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நாங்களும் விட்டோம். முதல் ஆறு மாதங்கள் வாரத்துக்கு நான்கைந்து அமர்வுகள், அதன்பின் குறைந்தது இன்னும் ஓராண்டு. வேண்டுகோளில் அந்தச் செலவைக் குறிப்பிடாமல் அறுவைக்கு மட்டும் கேட்டுவிட்டு, திரும்பி வந்தபின் மறுபடி கேட்க நேர்ந்தபோது, முதலில் மனமுவந்து கொடுத்தவர்களே “அதான் ஆபரேஷன் முடிந்துவிட்டதே” என்றார்கள். அவர்கள் மீது தவறில்லை; நாங்கள்தான் அப்படி எழுதியிருந்தோம். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கான பயிற்சிச் செலவையும் தொடக்கத்திலேயே இலக்கில் சேர்த்துவிடுங்கள். தொகை பெரிதாகத் தெரியும் என்ற அச்சம் வரும். ஒவ்வொரு செலவையும் தனித்தனியாக எழுதிக் காட்டினால் பெரிய தொகையையும் மக்கள் நம்புகிறார்கள்.

இலக்குக்கு மேல் பத்தில் ஒரு பங்கையாவது நாணய மாற்று ஏற்றத்தாழ்வுக்காக வையுங்கள். பணம் உள்ளூர் நாணயத்தில் வரும், கட்டணம் அந்நாட்டு நாணயத்தில் போகும். திரட்டவே ஆறேழு மாதங்கள் ஆகும். இணைய நிதி திரட்டல் தளங்களைப் பயன்படுத்தினால், தளக் கட்டணம் இல்லை என்று அறிவிப்பவற்றிலும் பணப் பரிமாற்றக் கட்டணம் பிடிக்கப்படலாம் என்பதைக் கவனியுங்கள். தங்கள் நாட்டில் வங்கிக் கணக்கு உள்ளவர் தொடங்க அந்தத் தளம் அனுமதிக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். கோஃபண்ட்மீ போன்ற பெரிய தளங்கள்கூட எல்லா நாடுகளிலும் இல்லை.

கணக்கைப் பற்றிச் சொல்லும்போது என் தவற்றையும் சொல்ல வேண்டும். சம்பளம் வரும் என் சொந்தக் கணக்கின் எண்ணையே கொடுத்துவிட்டேன். பத்து நாள்களில் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானோரிடமிருந்து சிறு சிறு தொகைகள் வந்து விழ, வங்கி கணக்கை முடக்கிவிட்டது. மருத்துவச் சான்றுகளைக் கொண்டுபோய் விளக்கி மீட்பதற்குள் மூன்று வாரங்கள் போயின. அந்த மாத வீட்டு வாடகையைக் கடன் வாங்கிக் கொடுத்தேன். தனிக் கணக்குத் தொடங்குங்கள். குடும்பத்துக்கு வெளியே, ஊரார் மதிக்கும் ஒருவரையும் இணைக் கையொப்பதாரராகச் சேருங்கள். தொடங்கும் முன்பே வங்கியிடம் காரணத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்று பணத்தைப் பெற்று மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்த முன்வந்தால் அது இன்னும் நல்லது. வருமான வரி, அரசின் உதவித்தொகை ஆகியவற்றை இந்தப் பணம் பாதிக்குமா என்று ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிஞ்சினால் என்ன, அறுவையே நடக்காமல் போனால் என்ன என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். 2017-இல் பிரிட்டனில், மைட்டோகாண்டிரியா நோயுற்ற ஒரு கைக்குழந்தையை அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது. நீதிமன்றங்கள் அனுமதிக்கவில்லை, குழந்தையும் இறந்துவிட்டது. பெற்றோர் அந்தத் தொகையைக் கொண்டு அதே வகை நோயுள்ள குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். நமக்கு அப்படி நேர வேண்டும் என்பதில்லை. இறுதிப் பரிசோதனையில் “இடுப்பு மூட்டு விலகியிருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்” என்று அறுவையைத் தள்ளிவைத்தாலே போதும், கொடுத்தவர்கள் கேள்வி கேட்பார்கள்.

தங்கள் கணவரின் தயக்கம் எனக்கும் இருந்தது. இரசீதுகளை மாதந்தோறும் வெளியிட முடிவு செய்த பிறகுதான் எனக்குக் கூச்சம் குறைந்தது.

மறுமொழி 3

பணம் திரட்டும் முன் ஒரு சிறு யோசனை. இந்த அறுவை ஒரு காலத்தில் சில இடங்களில் மட்டுமே நடந்தது. இங்கிலாந்துக் குடும்பங்கள் பல, நிதி திரட்டிக்கொண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றன. 2018-இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையே தகுதியுள்ள குழந்தைகளுக்கு இதை ஏற்றுக்கொண்டது. ஆகவே பழைய தகவலை நம்பித் தொலைதூரம் போகாமல், அருகில் எங்கே நடக்கிறது என்று ஒருமுறை விசாரியுங்கள். நடைக் காணொளி, இடுப்பு மற்றும் முதுகெலும்பு எக்ஸ்ரே, மூளை எம்.ஆர்.ஐ. ஆகியவற்றை அனுப்பினால் இரண்டாவது கருத்தைப் பயணமின்றியே பெறலாம்.

மறுமொழி 4 (பெருமூளை வாதத்துடன் வளர்ந்தவர்)

படத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எனக்கு இப்போது முப்பத்தொரு வயது. ஏழு வயதில் என் சிகிச்சைக்காகத் துண்டறிக்கை அச்சிட்டார்கள். தரையில் தவழ்ந்துகொண்டிருந்த நான் தலையைத் தூக்கிப் பார்த்த நொடியில் எடுத்த படம் அது. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. என்னிடம் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சிரிக்கும் படமும் இருந்தது. அதைப் போட்டால் யாரும் இரங்க மாட்டார்கள் என்று ஒரு மாமா சொன்னாராம். பணம் வந்தது. எட்டாம் வகுப்பில் சக மாணவன் ஒருவன் தன் வீட்டுப் பழைய காகிதங்களிலிருந்து அந்தத் துண்டறிக்கையை எடுத்துவந்து எல்லோருக்கும் காட்டினான். அச்சிட்ட தாளாவது மக்கிப்போகும். இணையத்தில் போட்டதை யாராலும் முழுமையாகத் திரும்பப் பெற முடியாது.

என் பெற்றோர் மீது எனக்குக் கோபம் இல்லை. வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. தங்கள் மகள் நன்றாகப் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவளிடமே கேளுங்கள். எந்தப் படம் போடலாம் என்று ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியும். விழும் காட்சி, உடை மாற்றும் காட்சி, அழும் காட்சி ஆகியவை மருத்துவருக்கு மட்டும் போகட்டும். முழுப் பெயர், பள்ளி, வீட்டு முகவரி, மருத்துவ அறிக்கையின் மேல் உள்ள பதிவு எண் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். அவள் காதுபட “இது நடக்காவிட்டால் இவள் வாழ்க்கையே இல்லை” என்று யாரையும் பேச விடாதீர்கள். நான் அதைக் கேட்டு வளர்ந்தவன்.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. மருத்துவமனைக்கு எழுதி, நிபுணர் கட்டணங்களும் பரிசோதனைகளும் அடங்கிய முழு மதிப்பீட்டைக் கேட்டிருக்கிறேன். அருகில் உள்ள இன்னொரு மையத்துக்கும் காணொளியை அனுப்பிவிட்டோம். அவர்களுடைய பதில் வரும்வரை வேண்டுகோளை வெளியிடப் போவதில்லை. ஸ்டெம் செல் நிலையத்தின் எண்ணைத் தடை செய்துவிட்டேன். இணைக் கையொப்பமிட, என் கணவருக்குப் பாடம் நடத்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்; அவரிடம் பேசிவிட்டு வந்தபின் என் கணவரே செலவுப் பட்டியலைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

முதல் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “எங்கள் மகள் வாக்கருடன் நடக்கிறாள், கால்களின் இறுக்கத்தைக் குறைக்கும் ஓர் அறுவைக்கும், அதன்பின் இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கும் உங்கள் உதவியைக் கேட்கிறோம்.” வாசித்துக் காட்டியபோது, வாக்கரின் நிறம் ஊதா என்பதையும் எழுத வேண்டும் என்றாள். படத்துக்கும் அவளே தேர்ந்தெடுத்துவிட்டாள்: வாக்கரின் கைப்பிடியில் அவள் ஒட்டிய நட்சத்திரங்கள் மட்டும் தெரிகின்றன, அவள் முகம் இல்லை. இது போதுமா, முகம் தெரியாவிட்டால் மக்கள் நம்புவார்களா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மறுமொழி 5 (மறுமொழி 2 எழுதிய தந்தை)

போதும் அம்மா. மருத்துவரின் கடிதத்தையும் முழு மதிப்பீட்டையும் அந்தப் படத்துக்குக் கீழே இணைத்துவிடுங்கள், பதிவு எண்ணை மறைத்துவிட்டு. எங்களுக்குப் பெருந்தொகை கொடுத்த மூவரும் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. மருத்துவமனையின் பொது எண்ணுக்கு அழைத்து, இப்படி ஒரு மதிப்பீட்டைக் கொடுத்தீர்களா என்றுதான் விசாரித்தார்கள். ஆகவே, விசாரிப்பவர்களுக்கு இதை உறுதி செய்யலாம் என்று மருத்துவமனைக்கு இப்போதே எழுத்தில் ஒப்புதல் கொடுத்துவையுங்கள். இல்லாவிட்டால் நோயாளியின் விவரத்தைத் தர இயலாது என்று மறுத்துவிடுவார்கள். கேட்டவரோ நம்மைச் சந்தேகித்து ஒதுங்கிவிடுவார்.