விட்சண்டே தீவுகளில் பாய்மரப் படகு விடுமுறை: போய்வந்தவர்களின் அனுபவம்

பிரிஸ்பேன் உறுப்பினர்:

விட்சண்டே போகப்போகிறோம், எந்த நாள் எந்தத் தீவில் தங்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலே வேண்டாம். திங்கள் வைட்ஹேவன், செவ்வாய் ஹேமன் என்று நாள்வாரியாக எழுதி வைத்தால், காற்று திசை மாறிய அன்றே அது உதவாமல் போய்விடும். தென்கிழக்குக் காற்றென்றால் எங்கே ஒதுங்கலாம், வடக்குக் காற்றென்றால் எங்கே ஒதுங்கலாம் என்று இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் செய்தேன். குடும்பம் மொத்தமும் நிம்மதியாகத் தூங்கியது அதனால்தான்.

இடத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரைக்கும் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளத்திட்டுக்கும் நடுவில் 74 தீவுகள். பெரும்பாலானவை தேசியப் பூங்கா, ஆள் குடியிருப்பே கிடையாது. கரையிலுள்ள ஏர்லி பீச் என்ற ஊரிலிருந்தோ ஹாமில்டன் தீவிலிருந்தோ படகு எடுக்கலாம். ஒரு தீவிலிருந்து பார்த்தால் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் ஒரு காலைப்பொழுதுக்குள் அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். முதல்முறை படகு எடுப்பவர்களுக்கு இந்த இடத்தை நான் சிபாரிசு செய்வதற்கு அதுதான் காரணம்.

இங்கே பேர்போட், அதாவது மாலுமி இல்லாமல் வெறும் படகை வாடகைக்கு எடுக்க, உரிமம் தேவையில்லை. கேட்டவுடன் பயமாக இருக்கும். ஆனால் சும்மா சாவியைக் கொடுத்து அனுப்பிவிட மாட்டார்கள். கிளம்பும் முன் படகிலேயே உட்காரவைத்து இன்ஜின், நங்கூரம், பாய், ரேடியோ, கழிப்பறைப் பம்ப் வரை எல்லாம் சொல்லித்தருவார்கள். அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, மற்றவர்கள் சாமான் அடுக்கப் போய்விடக் கூடாது. குறைந்தது இரண்டு பேர் முழுதும் கேளுங்கள். படகை ஓட்டுபவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் ரேடியோவில் பேசவும் நங்கூரத்தைத் தூக்கவும் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மனைவி நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதிக்கொண்டார். பயணம் முழுக்க நாங்கள் அதிகம் புரட்டியது அந்த நோட்டைத்தான்.

காலையும் பிற்பகலும் கம்பெனிக்காரர்கள் ரேடியோவில் கூப்பிடுவார்கள். வானிலை வாசிப்பார்கள், ஒவ்வொரு படகும் இன்றிரவு எங்கே தங்கப்போகிறது என்று கேட்பார்கள். நாம் சொன்ன இடம் அன்றைய காற்றுக்குச் சரியில்லை என்றால் வேறு இடம் சொல்வார்கள். எனக்கு அந்தக் கால்மணி நேரம் மிகவும் பிடித்திருந்தது. மற்றப் படகுக்காரர்கள் என்ன கேட்கிறார்கள், அவர்களுக்கு என்ன பதில் வருகிறது என்று கவனித்தாலே பாதி பாடம் வந்துவிடும்.

இன்னொரு விதி, மாலை 4 மணிக்குள் நங்கூரம் போட்டாகவேண்டும். விடுமுறையில் இது என்ன பள்ளிக்கூடம் மாதிரி என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். காரணம் உண்டு. வெயில் தலைக்கு மேல் இருக்கும்போது தண்ணீருக்குள் பவளப்பாறை பழுப்பாகவும், மணல் வெளிர் பச்சையாகவும் பளிச்சென்று தெரியும். வெயில் சாய்ந்துவிட்டால் எல்லாம் ஒரே வெள்ளித் தகடு, அடியில் எதுவும் தெரியாது. தவிர, முதலில் போட்ட நங்கூரம் பிடிக்கவில்லை என்றால் எடுத்து இன்னொரு தடவை போடவும் வெளிச்சம் வேண்டும்.

நங்கூரம் போடும்போது ஓதத்தையும், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதையும், கணக்கில் சேருங்கள். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நீங்கள் நங்கூரம் போடுகையில் ஆழம் 6 மீட்டர் காட்டுகிறது, வற்று நேரம் என்று வையுங்கள். நள்ளிரவில் அதே இடம் 9 மீட்டரைத் தாண்டும். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி என்ற கணக்கில் 6 மீட்டருக்கு 30 மீட்டர் விட்டுவிட்டுத் தூங்கப் போனால், நடுராத்திரியில் அது மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான். 45 மீட்டராவது விட்டிருக்க வேண்டும். ஏறிய நேரத்தில் போட்டால் பிரச்சினை நேர்மாறு. வற்றும்போது அடியில் போதிய தண்ணீர் இருக்குமா என்று பார்க்கவேண்டும்.

மக்கோனா இன்லெட்டில் ஒரு ராத்திரி. ஹுக் தீவின் தெற்குப் பக்கம் உள்ளே நீண்டு போகும் குடா அது. சுற்றிலும் மலை, தண்ணீர் தெப்பக்குளம் மாதிரி கிடந்தது. தென்கிழக்குக் காற்று வலுத்ததும் மலைக்கு மேலே ஏறி, இந்தப் பக்கம் திடீரென்று சரிந்து விழுகிறது. இங்குள்ள படகுக்காரர்கள் அதைப் புல்லட் என்கிறார்கள். பத்து நிமிடம் இலை அசையாது. பிறகு உறுமல் ஒன்று கேட்கும், தண்ணீரில் ஒரு கறுப்புத் திட்டு ஓடி வரும், படகு அப்படியே பக்கவாட்டில் திரும்பி சங்கிலியை இழுத்துப்பிடிக்கும். சங்கிலி தரையில் உரசும் சத்தம் படுக்கைக்குள் கரகரவென்று கேட்டது. நானும் மனைவியும் முறைவைத்து விழித்திருந்து, கரையில் ஒரு பாறையையும் அதற்குப் பின்னாலுள்ள மலைமுகட்டையும் குறிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். படகு ஆடித் திரும்பி வந்து நிற்கும்போது இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம் மாறவில்லை என்றால் நங்கூரம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். விடியும்வரை மாறவில்லை. சங்கிலியைத் தாராளமாக விட்டிருந்தோம்.

பவளப்பாறை உள்ள குடாக்களில் வெள்ளை நிறத்தில் பிரமிடு வடிவ மிதவைகள் வரிசையாக இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கரைப்பக்கம் நங்கூரம் போடவே கூடாது. அதற்குப் பதிலாகப் பூங்கா நிர்வாகம் பொது மிதவைகள் போட்டு வைத்திருக்கிறது. எவ்வளவு நீளப் படகு கட்டலாம், எவ்வளவு காற்றுவரை தாங்கும் என்று அதிலேயே குறித்திருக்கும். படித்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பலவற்றில் பகலில் இரண்டு மணி நேரம்தான் அனுமதி. பின்னால் வரும் குடும்பமும் பவளம் பார்க்கத்தான் வருகிறது, நேரத்தை மதியுங்கள்.

என் இரண்டு பத்திகளையும் கேட்டவர்களுக்காக: தென்கிழக்குக் காற்றுக்கு ஹுக் தீவின் வடக்கே பட்டர்ஃப்ளை பே, ஹேமனில் புளூ பேர்ல் பே, பார்டர் தீவில் கேட்டரன் பே. வடக்குக் காற்றுக்கு விட்சண்டே தீவின் தெற்கே சான்ஸ் பே, டர்ட்டில் பே. பட்டர்ஃப்ளை பேயிலும் காற்று பலத்தால் புல்லட் விழும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மெல்பேண் உறுப்பினர்:

மேலே எழுதினவர் சொன்னது முழுக்கச் சரி. நாங்கள் பிள்ளையளோட போனனாங்கள், அதால கொஞ்சம் சேர்த்துச் சொல்லுறன்.

வைட்ஹேவனைப் பார்க்காமல் யாரும் திரும்ப மாட்டினம். ஏழு கிலோமீற்றர் நீளம், மணல் கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கா. மத்தியானம் வெறுங்காலோட நடந்தாலும் சுடாது. பிள்ளையள் அதிலதான் விழுந்து கிடந்தினம். ஆனால் அந்தக் கடற்கரைக்குப் போற வழிதான் முக்கியம். ஹாமில்டன் பக்கமிருந்து வந்தால் சோல்வே பாசேஜ் எண்ட ஒடுக்கமான வழியால போகவேணும். விட்சண்டே தீவுக்கும் ஹேசல்வுட் தீவுக்கும் நடுவில. ஓதம் முழுவேகத்தில ஓடேக்க, காற்று எதிர்ப்பக்கம் அடிச்சால், தண்ணி கொதிக்கிற மாதிரி எழும்பும். இந்தப் பக்கம் ஓதம் ஏறேக்க நீரோட்டம் தெற்க போகும், வத்தேக்க வடக்க போகும். அப்ப தென்கிழக்குக் காற்று அடிக்கிற நாளில ஏறுகிற ஓதம் காற்றோட மோதும். நாங்கள் ஓத அட்டவணையைப் பார்த்து, நீரோட்டம் நிண்டு திரும்புகிற நேரத்துக்கு அங்க போய்ச் சேர்ந்தம். கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடந்தது. எங்களுக்கு முன்னம் அவசரப்பட்டுப் போன ஒரு குடும்பத்தை வைட்ஹேவனில சந்திச்சம். அவையின்ர தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் கீழ விழுந்து, சின்னப்பிள்ளை சத்தியெடுத்து, ஆக்கள் களைச்சுப் போயிருந்தினம். எங்கட இஞ்சித் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் குடுத்தம், பின்னேரம் எல்லாப் பிள்ளையளும் ஒண்டா விளையாடினவை.

வைட்ஹேவனின்ர வடக்கு முனையில இருக்கிற ஹில் இன்லெட்டின்ர வெள்ளையும் நீலமும் கலந்த கோலம் தண்ணி வத்தினால்தான் வடிவாய்த் தெரியும். ஆனால் அதுக்குப் பக்கத்தில டங் பேயில டிங்கியால, அதுதான் படகோட வாற சின்னப் படகால, இறங்கிறதுக்குத் தண்ணி வேணும், முழுக்க வத்தினால் பவளத்தில தட்டும். ரெண்டுக்கும் நடுவில, பாதி வத்தின நேரத்தைப் பிடியுங்கோ. இறங்கிற இடத்தில இருந்து மேல ஏறிப் பார்க்கிற இடம் கிட்டத்தான், கனநேரம் நிக்காமல் பார்த்திட்டு வாங்கோ.

திமிங்கிலம் பார்க்க ஆசையெண்டால் யூலை தொடக்கம் செப்ரெம்பர் வரை. கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் அந்தாட்டிக்காவில இருந்து குட்டி ஈன வடக்க வருகிற காலம். ஹுக் தீவுக்கு வெளியில ஒரு தாயும் குட்டியும். இஞ்ச 300 மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது எண்டு சட்டம். நாங்கள் எஞ்சினை நியூட்ரலில விட்டிட்டு அப்பிடியே நிண்டம். தாய் மூச்சு விட்ட சத்தம் அவ்வளவு தூரத்திலயும் கேட்டது. என்ர மகள் அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கதைக்கவே இல்லை.

சிட்னி உறுப்பினர்:

பாதுகாப்புப் பற்றி ஒன்றிரண்டு. நவம்பர் முதல் மே வரை பாக்ஸ் ஜெல்லி, இருகாஞ்சி ஜெல்லி என்ற கொடிய விஷமுள்ள ஜெல்லி மீன்கள் இரண்டும் இந்தத் தண்ணீரில் இருக்கும். இருகாஞ்சி மிகவும் சிறிது, தண்ணீரில் கண்ணில் படுவதே கடினம். தலை முதல் கால் வரை மூடும் ஸ்டிங்கர் சூட் போடாமல் யாரையும் இறங்க விடாதீர்கள். மற்ற மாதங்களிலும் நாங்கள் போட்டுக்கொண்டோம், வெயிலுக்கும் நல்லது. ஜெல்லி கொட்டினால் ஊற்ற, படகில் ஒரு பாட்டில் வினிகர் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

விட்சண்டே தீவின் மேற்கே சிட் ஹார்பர் இரவு தங்க அருமையான இடம், பெரும்பாலான காற்றுகளில் அமைதியாக இருக்கும், பல படகுகள் வந்து நிற்கும். ஆனால் அங்கே தண்ணீரில் குதிக்கவே வேண்டாம். 2018 செப்டம்பரில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு பேரைச் சுறா கடித்தது, ஒருவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி. நவம்பரில் மூன்றாவதாகக் கடிபட்டவர் இறந்துபோனார். நீந்தாதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் நின்ற படகில் இளைஞர்கள் குதிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். என் அண்ணன் டிங்கியை எடுத்துக்கொண்டு நேரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர்களும் நன்றி சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். தெரிந்தால் சொல்லிவிட வேண்டும்.

படகு ஓட்டியே பழக்கமில்லை என்றால் முதல் நாளுக்கு மட்டும் ஒரு வழிகாட்டியைக் கூட அழைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அந்தச் செலவைச் சுருக்காதீர்கள்.

பிரிஸ்பேன் உறுப்பினர்:

சாப்பாடு, மீன்பிடி, வயதானவர்கள் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில்.

ஏர்லி பீச் சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கிறது. கறிவேப்பிலை, சாம்பார்ப் பொடி வீட்டிலிருந்து. இட்லி மாவு கொண்டுபோனால் அந்த உஷ்ணத்தில் ஒரே நாளில் பொங்கிவிடும், முதல் இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். நங்கூரம் போட்டபிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பு. படகு ஓடும்போது எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். நல்ல தண்ணீர் தொட்டியில் அளவோடுதான் இருக்கும், பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவிவிட்டு கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர்.

மீன்பிடிக்க விரும்புகிறவர்கள், எங்கே மீன்பிடிக்கலாம் என்று நிறம் பிரித்துக் காட்டும் கடல் பூங்காவின் மண்டல வரைபடத்தைப் பார்க்காமல் தூண்டிலை எடுக்காதீர்கள். பச்சை மண்டலத்தில் மீன்பிடிக்கவே கூடாது. மஞ்சளில் ஆளுக்கு ஒரு கயிறு, ஒரு கொக்கி. ஒரே குடாவின் இரண்டு பக்கமும் வேறு வேறு மண்டலமாக இருக்கலாம்.

அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் ஒற்றை உடல் படகை விட்டுவிட்டு, இரட்டை உடல் படகான கேட்டமரானாக எடுங்கள். சாயாது, சமையலறையும் உட்காரும் இடமும் ஒரே தளத்தில். என் மாமியாருக்கு முழங்கால் வலி. ஹுக் தீவின் நாரா இன்லெட்டில், இந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான ங்காரோ மக்களின் பாறை ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்தக் குடாவில் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று அகழ்வாராய்ச்சியில் தெரியவந்திருக்கிறது. வலை மாதிரி பின்னிய சிவப்புக் கோடுகள் பாறைக்குகைச் சுவரில் இருக்கின்றன. மேலே போக நடைபாதையும் படிகளும் உண்டு, தூரம் குறைவு. சிரமம் கரையில் இறங்குவதில்தான், ஏனென்றால் வற்றினால் பாசி பிடித்த பாறையும் சிப்பியும்தான் மிஞ்சும். ஓதம் முக்கால்வாசி ஏறியிருக்கும்போது போனால் டிங்கி மூக்கு நேரே கரையைத் தொடும், ஒருவர் கைபிடித்தால் போதும். மாமியார் செருப்பு நனையாமல் இறங்கினார். டிங்கியில் ஏறும் முன் லைஃப் ஜாக்கெட்டைப் படகிலேயே போட்டுவிடுங்கள், கையில் பை எதுவும் கொடுக்காதீர்கள், பின்படியில் உட்கார்ந்தபடியே காலை உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.