முதல் பனிக்காலம்: ஸ்கார்பரோவிலிருந்து பேரிக்குக் கார் ஓட்ட எப்படித் தயாராவது?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். மதுரையிலிருந்து குடும்பத்துடன் இவ்வாண்டு ஏப்ரலில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், டொராண்டோ நகரின் ஸ்கார்பரோவுக்குக் குடிவந்தோம். நவம்பரிலிருந்து எனக்கு வடக்கே உள்ள பேரி நகரில் வேலை. வாரத்தில் நான்கு நாள் 401ஆம் நெடுஞ்சாலையில் ஏறி 400ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, ஒருவழிக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கும். ஊரில் பன்னிரண்டு ஆண்டுகள் கார் ஓட்டியிருந்தாலும், பனி விழுந்த சாலையில் ஒரு நாளும் ஓட்டியதில்லை. என்னிடம் இருப்பது ஆல் சீசன் (எல்லாப் பருவத்துக்குமான) டயர் போட்ட பழைய கொரோலா. காரை விற்றவர் அந்த டயர்களே போதும் என்றார். உடன் பணிபுரிபவரோ, பனிக்கால டயர் போடாமல் 400 பக்கமே வராதீர்கள் என்கிறார். புதிதாக வந்த குடும்பத்துக்கு நான்கு டயர் என்பது சிறிய செலவில்லை. சில நாள் இரண்டு வயது மகளும் பின்னிருக்கையில் இருப்பாள். டயர் மாற்றியே ஆக வேண்டுமா, காரில் வேறு எவற்றைச் சரிபார்க்க வேண்டும், வழுக்கினால் என்ன செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பனங்கூடல் எழுதியது:

தம்பி, உங்கள் அலுவலக நண்பர் சொன்னதைக் கேளுங்கள். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம்; ஒன்ராறியோவில் அப்படிச் சட்டமில்லை என்பதால்தான் பலர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் ஆல் சீசன் டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது, பனியே விழாத நாளிலும் அதன் பிடிமானம் குறைந்துவிடுகிறது. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான்கு சக்கரங்களுக்கும் போட வேண்டும். செலவைக் குறைக்க முன்னிரண்டுக்கு மட்டும் போட்டால், வளைவில் பின்பக்கம் பிடிமானமிழந்து கார் சுழன்றுவிடும். ஒன்ராறியோவில் பனிக்கால டயருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும் என்பது 2016 முதல் விதி. அதைக் கேட்டு வாங்குங்கள்.

வழுக்கலைப் பற்றி நான் பட்டதையே சொல்கிறேன். இங்கு வந்த இரண்டாம் வருடம், ஜனவரி மாதத்து விடியற்காலையில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் சாலை வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. மழை பெய்யவில்லையே, ஈரம் எங்கிருந்து வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். பிரேக்கைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் பஞ்சுபோல இலேசாகிவிட்டது; கார் பாதிச் சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து ஓரத்துப் பனிக்குவியலில் செருகி நின்றது. பின்னால் வேறு வாகனம் வராததால் இன்று இதை எழுதுகிறேன். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பனிக்கட்டிப் படலத்தைத்தான் பிளாக் ஐஸ் என்கிறோம். அடியிலும் குளிர்காற்று ஓடுவதால் பாலங்கள்மேல் அது முதலில் உறையும்.

டயருக்கு உள்ள பிடிமானம் ஓரளவுதான். அதைப் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் ஒரே நேரத்தில் செலவழித்தால் இரண்டுக்கும் போதாது. ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் செல்லுங்கள். வழுக்கிவிட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து, ஸ்டியரிங்கை மெதுவாக அந்தப் பக்கம் திருப்புங்கள். பனி, மழை நாள்களில் குரூஸ் கன்ட்ரோல் (காரின் வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் வசதி) வேண்டவே வேண்டாம்.

பட்டறைக்காரன் எழுதியது:

பிராம்டனில் கார் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். முதல் கடுங்குளிர் நாளன்று எங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை பேட்டரியைப் பற்றியவை. குளிரில் பேட்டரியின் வலு குறைகிறது, அதே வேளையில் எண்ணெய் தடித்துப்போவதால் எஞ்சினைச் சுழற்ற அதிக வலு தேவைப்படுகிறது. உங்களுடைய பேட்டரி நான்கைந்து ஆண்டு பழையது என்றால் இப்போதே சோதித்துவிடுங்கள். கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 வரை உறையாதது என்று எழுதியதாக இருக்கட்டும். 400இல் லாரிகள் வாரியிறைக்கும் உப்புச் சேறு நொடியில் கண்ணாடியை மறைத்துவிடும். வெப்பநிலை ஏறக்குறைய ஐந்தரை பாகை குறையும்போதெல்லாம் டயரில் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவுக்குக் காற்றழுத்தம் குறையும் என்பதால் மாதம் ஒருமுறையாவது அளந்து பாருங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் அவசரமாக நிறுத்த நேர்ந்தால் பிரேக்கை அழுத்தி அப்படியே பிடியுங்கள். மிதி காலுக்கடியில் அதிரும், பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

மிக்க நன்றி. நான்கு டயர்களுக்கும் இன்று முன்பதிவு செய்துவிட்டேன். பேரிக்கு அருகில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சாலை வெள்ளையாகி மறைந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

சிம்கோ வாசி எழுதியது:

உண்மைதான் ஐயா. ஜார்ஜியன் விரிகுடாவைக் கடந்து வரும் குளிர்காற்று, நீரின் ஈரத்தை அள்ளிவந்து பேரிப் பக்கம் பனியாகக் கொட்டுகிறது. பனிமேகம் ஒரு பட்டைபோல வருவதால், டொராண்டோவை ஒட்டிய வான் (Vaughan) நகரத்தில் வெயில் அடிக்க, பேரிக்குச் சற்றுத் தெற்கே இன்னிஸ்ஃபிலில் முன்னால் செல்லும் காரின் விளக்குகூடத் தெரியாது. புறப்படுமுன் மாகாண அரசின் சாலைத் தகவல் சேவையான ஒன்ராறியோ 511இல் சாலை நிலவரத்தையும், வானிலைத் துறையின் பனிச்சூறை எச்சரிக்கையையும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் போகாதீர்கள். மேலாளரிடம் நவம்பரிலேயே இதைப் பேசி வைத்துவிடுங்கள், அன்று காலையில் கெஞ்ச வேண்டியிராது. நீல விளக்கு சுழலும் பனிவாரி வண்டிகள் வரிசையாகச் சென்றால் அவற்றுக்கிடையே நுழைந்து முந்த வேண்டாம்.

காரில் மண்வெட்டி, போர்வை, தண்ணீர் வைத்து, பெட்ரோலைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பனியில் சிக்கி நின்றால் காருக்குள்ளேயே இருங்கள். எஞ்சினை ஓடவிடுமுன் புகைபோக்கியைச் சுற்றியுள்ள பனியைத் தோண்டி அகற்ற வேண்டும். இல்லையேல் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறைந்து உயிரைப் பறித்துவிடும்.

உங்கள் மகளுக்காக ஒன்று. தடித்த பனிக்கோட்டோடு குழந்தையை இருக்கையில் வைத்துப் பட்டையைப் பூட்டினால், மோதலின்போது கோட்டுப் பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். கோட்டைக் கழற்றி, பட்டையை உடம்போடு ஒட்ட இறுக்கியபின், அதற்குமேல் போர்வையைப் போர்த்துங்கள்.