தாத்தாவுக்குத் தெரியாத குரூப்

செவ்வாய்

சாந்தி சித்தி: மண்டபம் பேசியாச்சு. தை 21. அட்வான்ஸும் குடுத்தாச்சு. 80க்கு தாத்தாவுக்கு என்ன குடுக்கறதுன்னு இப்பவாவது முடிவு பண்ணுங்க. வேட்டி, மோதிரம் எல்லாம் 60க்கே ஆச்சு

கார்த்தி: போன வாரமே சொன்னேனே சித்தி. தாத்தா வச்சிருந்த ஹெரால்ட் கார். சின்ன பொம்மை மாடல்

செல்வம் சித்தப்பா: சூப்பர்டா

ஆற்காடு பெரியப்பா: ஆன்லைன்ல கிடைக்குமே. எதுக்கு உக்காந்து செஞ்சிகினு

கார்த்தி: அதெல்லாம் இங்கிலாந்து வண்டி பெரியப்பா. ட்ரயம்ஃப் ஹெரால்ட். பேட்ஜே வேற. நம்ம வண்டி ஸ்டாண்டர்டு

முரளி மாமா: கார்த்தி சொல்றது சரி. ட்ரயம்ஃப் கம்பெனி 1959ல இங்கிலாந்துல விட்ட வண்டி அது. வரைஞ்சவர் இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி. 1961ல இருந்து நம்ம மெட்ராஸ்ல, வண்டலூர்ல, ஸ்டாண்டர்டு பேர்ல செஞ்சாங்க. 948 சிசி இன்ஜின். மாமனார் வச்சிருந்தது அதுதான். வாங்கறத விட நம்மளே செய்யலாம். நான் செய்றேன். அளவு 1:16. நிஜ வண்டி நீளம் 3886 மில்லி, 16ஆல வகுத்தா 243. அகலம் 1524, அது 95. உயரம் 1321, அது 82.5. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல 2324, அது 145. சக்கரத்துக்கு சக்கரம் குறுக்கால 1219, அது 76. டயர் 36 மில்லி விட்டம், 8 மில்லி பட்டை. இந்த ஏழு நம்பரும் சரியா இருந்தா வண்டி தன்னால ஹெரால்ட் மாதிரி தெரியும்

ராணிப்பேட்டை அத்தை: வீட்டுல ஏற்கெனவே மரத்தூள் தாங்கல

செல்வம் சித்தப்பா: அக்கா 😄

சாந்தி சித்தி: 11 வாரம்தான் இருக்கு அண்ணா. முடியுமா

முரளி மாமா: முடியும். ஆனா எந்த வண்டின்னு மொதல்ல தெரியணும். ரெண்டு கதவா, நாலு கதவா? நாலு கதவு ஹெரால்ட் பின்னாடி வந்தது, மார்க் 3

ஆற்காடு பெரியப்பா: நாலு கதவு

ராணிப்பேட்டை அத்தை: ரெண்டு கதவு அண்ணா

ஆற்காடு பெரியப்பா: ஓட்டினது நானு

ராணிப்பேட்டை அத்தை: வித்ததும் நீங்கதான்

ஆற்காடு பெரியப்பா: அப்பா சொல்லிதான் வித்தேன். எத்தினி தபா சொல்றது

சாந்தி சித்தி: இப்ப அத பேச வேணாம். போட்டோ யார்கிட்ட இருக்கு

சுதா அக்கா (பெங்களூர்): என்கிட்ட ஒண்ணு இருக்கு. ஸ்கேன் பண்ணி போடறேன்

சுதா அக்கா (பெங்களூர்): (படம்)

செல்வம் சித்தப்பா: அய்யோ அப்பா எவ்ளோ இளசு

கார்த்தி: பாதி வண்டிதான் தெரியுது

முரளி மாமா: போதும். டயரையே ஸ்கேலா வச்சிக்கலாம். இந்த வண்டியில முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவுல நாலு டயர் அடுக்கலாம், 36 நாலு தடவ 144. முன் சக்கர மையத்துல இருந்து கைப்பிடி எத்தனை டயர் தூரத்துல இருக்குன்னு பார்த்தா தெரியும். ரெண்டு கதவு வண்டின்னா கதவு நீளம், கைப்பிடி நல்லா பின்னால தள்ளி வரும். ஆனா இந்தப் படம் மூலையில இருந்து எடுத்தது. பக்கத்துல இருக்கறது பெருசா, தள்ளி இருக்கறது சின்னதா விழும். இத நம்பி வெட்ட முடியாது

புதன்

சாந்தி சித்தி: பாலாத்துல தண்ணி வருதாம். பாலத்துல ஒரே கூட்டம்

ஆற்காடு பெரியப்பா: எங்க வருது. ஃபார்வேர்டு மெசேஜ்

செல்வம் சித்தப்பா: இல்லண்ணா வருது. வீடியோ அனுப்பறேன்

சுதா அக்கா (பெங்களூர்): போன வருஷ வீடியோ மாதிரி இருக்கு சித்தப்பா

செல்வம் சித்தப்பா: அப்பிடியா

கார்த்தி: மாமா, எங்க காலேஜ்ல 3டி பிரிண்டர் கீது. பாடிய அதுல எடுத்துடலாமா? ஒரு ராத்திரி போதும்

முரளி மாமா: பிரிண்ட் எடுக்க கம்ப்யூட்டர்ல மொதல்ல வரையணும். அந்த வரைபடத்துல தப்பு இருந்தா பிரிண்டும் அதே தப்போடதான் வரும். பிளாஸ்டிக் பி.எல்.ஏ.ன்னா சுமார் 60 டிகிரியிலேயே இளகும். சித்திரையில பூட்டின கார்ல வச்சா கூரை தொங்கிடும். அடுக்கு அடுக்கா வரி வேற விழும், அத தேய்ச்சு எடுக்கறதுக்குள்ள மரத்துல செதுக்கிடலாம். ஸ்டீரிங், முன் கிரில் ரெண்டும் மட்டும் ரெசின் பிரிண்டர்ல எடுத்துக் குடு. அதுக்கு அது நல்லது

கார்த்தி: ரெசின் மிஷின் இல்ல மாமா. பிளாஸ்டிக் நூல உருக்கற ஃபிலமென்ட்டுதான்

முரளி மாமா: அப்ப பித்தளைக் கம்பியில வளைச்சிக்கலாம்

சாந்தி சித்தி: எதுல செய்யப் போறீங்க அண்ணா. மரமா பிளாஸ்டிக்கா

முரளி மாமா: ரெண்டும். வார்ப்பு அச்சு மரம், அது மேல படிய வச்சு எடுக்கற உடம்பு பிளாஸ்டிக். அச்சுக்கு குமிழ் மரம் 250 நீளம், 100 அகலம், 90 உயரம். தேக்கு வேணாம், ரேகை தடிச்சு உளிய இழுத்துகினு போவும், எண்ணெய்ப் பசையும் உண்டு. ஒரே கட்டையா எடுக்காம ரெண்டு பாதியா அறுத்து, நடுவுல செய்தித்தாள் வச்சு ஒட்டணும். ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு பாக்க அந்தத் தாள் கோடே நடுக்கோடு. பின்னாடி பிரிக்கணும்னா உளிய வச்சு ஒரு தட்டு, காகிதத்தோட பிரிஞ்சிடும். குறுக்கு வெட்டுக்கு அட்டையில டெம்ப்ளேட் வெட்டணும், 20 மில்லிக்கு ஒண்ணா 12. ஒவ்வொண்ணையும் இந்தப் பக்கம் வச்சு, திருப்பி அந்தப் பக்கம் வச்சு, வெளிச்சம் தெரியுதான்னு பாக்கணும். கண்ணுக்கு சமமா தெரியறது டெம்ப்ளேட்டுல 1 மில்லி தள்ளி இருக்கும். 1 மில்லின்னா நிஜ வண்டியில 16 மில்லி, விரல் தடிமன்

ராணிப்பேட்டை அத்தை: சாப்பாடு ஆறுது

முரளி மாமா: வரேன்

முரளி மாமா: இன்னொண்ணு. அச்சு முழு அளவுல செய்யக்கூடாது. கீழ வாக்குவத்தால காத்த உறிஞ்சினா சூடு பண்ணின ஷீட் அது மேல போர்த்தி உக்காரும், அந்தத் தடிமன கழிக்கணும். 1.5 மில்லி ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட் இழுபட்டு பக்கவாட்டுல 1 மில்லிக்கு மெலியும். அதனால அச்சோட அகலம் 95 இல்ல, 93. இத மறந்தா வண்டி குண்டா வரும்

கார்த்தி: வாக்குவம் எங்க இருந்து மாமா

முரளி மாமா: பிளைவுட்ல ஒரு பெட்டி, மேல் பலகையில 10 மில்லிக்கு ஒண்ணா சின்ன ஓட்டை, பக்கத்துல வாக்குவம் கிளீனர் குழாய். ஷீட்ட மரச் சட்டத்துல இறுக்கி, ஹீட்டர் கம்பிக்கு மேல காட்டணும். மொதல்ல நெளியும், அப்புறம் இறுகும், அப்புறம் நடுவுல மெல்ல தொங்கும். தொங்கின உடனே அச்சு மேல வச்சு வாக்குவத்த போடணும். ரொம்ப நேரம் விட்டா மூலையில மடிப்பு விழும். சீக்கிரம் எடுத்தா ஹெட்லைட் மேல இருக்கிற புருவம் வராது, வழவழன்னு போயிடும். ஹெரால்டுக்கு அந்தப் புருவமும் பின்னாடி தூக்கின இறக்கையும்தான் முகம். ரெண்டு மூணு ஷீட் வீணாகும், அஞ்சா வாங்கணும்

செல்வம் சித்தப்பா: மாமா டீச்சரா போயிருக்கணும்

சாந்தி சித்தி: எவ்ளோ ஆகும்னு சொல்லுங்க. ஆளுக்கு 500 போட்டா போதுமா

ஆற்காடு பெரியப்பா: நான் 2000 போடறேன்

ராணிப்பேட்டை அத்தை: வேணாம் எல்லாரும் சமமா

ஆற்காடு பெரியப்பா: போடறேன்னு சொன்னா போடறேன்

சாந்தி சித்தி: அப்புறம் பேசிக்கலாம். தாம்பூலப் பையில ஆற்காடு மக்கன் பேடா போடலாமா? மைசூர்பாக் போன கல்யாணத்துல கெட்டியா இருந்துச்சு

சுதா அக்கா (பெங்களூர்): மக்கன் பேடா 👍

செல்வம் சித்தப்பா: மக்கன் பேடா

ஆற்காடு பெரியப்பா: பாகு ஒழுகும். பைய நாசம் பண்ணும்

வியாழன்

முரளி மாமா: குமிழ் கட்டை கிடைச்சிது. நல்லா காய்ஞ்சது. பிரிண்ட் எடுக்கும்போது ஒரு விஷயம் கார்த்தி. பக்கவாட்டுப் படத்த கடையில குடுத்தா பேஜுக்குள்ள அடங்கணும்னு தன்னால சின்னதாக்கிடுவாங்க. நேத்து எடுத்ததுல முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல 145 வரணும், 141 வந்துச்சு. நல்லவேளை ஸ்கேல் வச்சு அளந்தேன். 100 பர்சென்ட்டுன்னு சொல்லி எடு

கார்த்தி: சரி மாமா. கூரையும் அதே ஷீட்டா

முரளி மாமா: இல்ல. ஹெரால்டுல கண்ணாடிய சுத்தி இருக்கிற தூண் ரொம்ப ஒல்லி. 1:16ல ரெண்டு, ரெண்டரை மில்லிதான் வரும். ஷீட்டுல வெட்டினா கை பட்டதும் வளையும். 1.5 மில்லி பித்தளைக் கம்பிய வளைச்சு, நாலு தூணும் மேல் சட்டமும் சால்டர் பண்ணி, அது மேல கூரைய வச்சிடணும். நிஜ வண்டியிலயும் கூரை தனியா போல்ட் போட்டுதான் உக்காரும், அடியில தனி சேசிஸ். அதனால நம்மளும் மூணு துண்டா செய்றது தப்பில்ல, அதுதான் சரி. கம்பிய ஷீட்டோட ஒட்டறதுக்கு முன்னாடியே சால்டர் முடிச்சிடணும், இல்லன்னா அந்தச் சூட்டுக்கு ஷீட் சுருங்கும்

கார்த்தி: பானட் திறக்கணுமே மாமா

செல்வம் சித்தப்பா: ஆமா! மூக்கோட மொத்தமா முன்னாடி சாயும்ல

ஆற்காடு பெரியப்பா: அது நல்லா ஞாபகம் கீது. ரெண்டு பக்கமும் கொக்கிய எடுத்தா மட்கார்டோட தூக்கிடும். இன்ஜின் ரெண்டு பக்கமும் நின்னுகினு வேலை செய்யலாம். டயர் மேலயே உக்காந்துகினு கார்புரேட்டர கழட்டுவோம்

ராணிப்பேட்டை அத்தை: ஆமா அண்ணா

முரளி மாமா: மச்சான் சொன்னதுதான் இந்த வண்டியோட அடையாளம், அது திறக்கலன்னா செய்யவே வேணாம். கீல் 1 மில்லி பித்தளைக் கம்பி, பம்பருக்குப் பின்னாடி கீழ ரெண்டு பக்கமும் குழாய்க்குள்ள சுத்தும். கீல் அச்சு 2 மில்லி பின்னால தள்ளிப் போனாலும் பானட் சாயும்போது மூக்கு பம்பர்ல இடிக்கும், பெயிண்ட் உதிரும். அதனால அட்டையில வெட்டி, ஊசி குத்தி, சாய்ச்சு சாய்ச்சுப் பாத்துட்டுதான் துளை போடணும். இடுக்கு வேற. மூடின கதவுக்கு கோடு 0.3 மில்லி போதும், நிஜத்துல 5 மில்லி. உடைஞ்ச ஹாக்சா பிளேட தீட்டி கீறினா வரும். ஆனா பானட் அசையற துண்டு, பிரைமர், பெயிண்ட், மேல அடிக்கற நிறமில்லாத கிளியர் மூணும் சேர்ந்தா ஒவ்வொரு ஓரமும் ஏறிடும். 0.3 விட்டா பெயிண்டுக்கு அப்புறம் திறக்காது. 0.5 விடணும்

சாந்தி சித்தி: 👍

முரளி மாமா: சக்கரம் சிப்காட்ல தெரிஞ்ச லேத்துல சொல்லிட்டேன். டயர் கறுப்பு டெல்ரின் பிளாஸ்டிக் ராடு, ரிம் அலுமினியம். அஞ்சு செட், ஸ்டெப்னியோட. பின் சக்கரம் ரெண்டும் மேல் பக்கம் துளி உள்ள சாய்ஞ்சு நிக்கணும். இந்த வண்டிக்கு பின்னாடி ஸ்விங் ஆக்ஸில், ஆள் ஏறினா அப்படித்தான் சாயும். நேரா நிறுத்தினா பொம்மை

சுதா அக்கா (பெங்களூர்): மாமா இது தெரியாமலே அந்தப் போட்டோல பாத்தேன். பின்னாடி உக்காந்தவங்க பக்கம் டயர் சாய்ஞ்சிருக்கு

முரளி மாமா: அதேதான்மா

சாந்தி சித்தி: கலர் என்ன

ஆற்காடு பெரியப்பா: வெளிர் நீலம்

ராணிப்பேட்டை அத்தை: பச்சை. பிஸ்தா பச்சை

செல்வம் சித்தப்பா: எனக்கு கிரீம்னு ஞாபகம்

ஆற்காடு பெரியப்பா: நீ கைக்குழந்தை

சுதா அக்கா (பெங்களூர்): போட்டோ கறுப்பு வெள்ளை

முரளி மாமா: கலர் எதா இருந்தாலும் பெயிண்ட் மார்கழியில அடிக்கணும், அதுக்குள்ள மழை ஓய்ஞ்சிருக்கும். ஈரக் காத்துல லேக்கர் பெயிண்ட் அடிச்சா மேல வெள்ளை பூக்கும், தின்னர் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்து ஈரத்த இழுத்துக்கும். ரிடார்டர் கொஞ்சம் சேர்த்தா மெதுவா காயும், பூக்காது. காலைல பனியில வேணாம், 11 மணிக்கு மேல. பிரைமர் ரெண்டு கோட், 800 நம்பர் உப்புத்தாள் தண்ணியில, கலர் மூணு மெல்லிய கோட், 1500, அப்புறம் 2000, கிளியர். லேக்கர் தின்னர் நேரா ஸ்டைரீன்ல பட்டா கரைச்சிடும், அதனால பிரைமர் முழுசா மூடி இருக்கணும், சீறி அடிக்காம தூவணும். குழி அடைக்க பட்டி போட்ட இடத்துல அவசரம் கூடாது. பட்டிய தடிமனா அப்பினா அன்னைக்கு சமமா இருக்கும், பத்து நாள் கழிச்சு உள்ள வாங்கிடும். பெயிண்டுக்கு அப்புறம் குழி தெரியும். மெல்லிசா போட்டு, ஒரு நாள் விட்டு, திரும்ப

செல்வம் சித்தப்பா: படிச்சிட்டே இருக்கேன் மாமா

கார்த்தி: கண்ணாடி?

முரளி மாமா: 0.5 மில்லி பி.இ.டி. (PET) பிளாஸ்டிக் ஷீட். ஃபெவிக்விக் மாதிரி பசை தொடவே கூடாது, அதோட புகை பட்டு கண்ணாடி மங்கிடும், துடைச்சா போகாது. ஃபெவிகால் குச்சியால வச்சா போதும், காய்ஞ்சா தெரியாது

வெள்ளி

சாந்தி சித்தி: பாட்டிகிட்ட மெதுவா கேட்டுட்டேன். தாத்தா தூங்கும்போது. வாய்ஸ் போடறேன்

சாந்தி சித்தி: (குரல் பதிவு 0:38)

சுதா அக்கா (பெங்களூர்): ஆபீஸ்ல இருக்கேன். யாராவது டைப் பண்ணுங்க

கார்த்தி: பாட்டி சொல்றாங்க: "பின்னால ஏறணும்னா உங்க தாத்தா எறங்கி முன் சீட்ட மடக்கிப் புடிச்சிகினு நிப்பாரு. பட்டுப் புடவை அந்தக் கம்பியில மாட்டிக்கும். நான் ஏறின பிறகுதான் சீட்ட விடுவாரு"

ராணிப்பேட்டை அத்தை: முன் சீட்ட மடக்கினா ரெண்டு கதவுதான்

முரளி மாமா: ரெண்டு கதவு. சந்தேகமே இல்ல. இன்னைக்கே கதவுக் கோடு வரைஞ்சிடறேன். முன் சீட்டும் மடங்கற மாதிரியே வைக்கறேன், 0.8 கம்பியில கீல் போட்டா போதும்

ஆற்காடு பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஆற்காடு பெரியப்பா: சரி ரெண்டு கதவு. நாலு கதவு பக்கத்து வீட்டு வண்டியா இருக்கும்

செல்வம் சித்தப்பா: 🙏

சாந்தி சித்தி: நம்பர் பிளேட்டுக்கு நம்பர் யாருக்கு ஞாபகம்

ஆற்காடு பெரியப்பா: எனக்குத் தெரியும். கடைசி நம்பர் 7

ராணிப்பேட்டை அத்தை: 1

முரளி மாமா: பிளேட் கறுப்பு, எழுத்து வெள்ளை. அத கடைசியில ஒட்டலாம், அவசரம் இல்ல. மச்சான், வித்தப்போ எழுதின பேப்பர் பீரோல இருக்கான்னு பாருங்க. அதுல கலரும் எழுதி இருக்கலாம்

ஆற்காடு பெரியப்பா: பீரோ சாவி அப்பாகிட்ட கீது

சாந்தி சித்தி: ஞாயித்துக்கெழமை தாத்தாவ ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு மணி நேரம் கிடைக்கும்

ராணிப்பேட்டை அத்தை: சாவிய இடுப்புலயே வச்சிருப்பாரே

சாந்தி சித்தி: பாக்கறேன்

சுதா அக்கா (பெங்களூர்): மக்கன் பேடா எத்தனை சொல்றது

செல்வம் சித்தப்பா: 300?

சாந்தி சித்தி: பாகு ஒழுகாத மாதிரி டப்பா கிடைக்குமான்னு பாத்துட்டு சொல்றேன்

முரளி மாமா: (படம்) கட்டைய ரெண்டா அறுத்து தாள் வச்சு ஒட்டியாச்சு. நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் கிளாம்புல இருக்கும்